ஜாம்பித் திரைப்படங்கள்: தாக்கமும் நகலாக்கமும்

ஜாம்பித் திரைப்படம் என்பது இறந்தபின் எழுந்து நடமாடும் மனித உடல்களைக் கருவாகக் கொண்ட திகில் திரைப்பட வகையாகும். வாழ்வில் பிடிப்பற்றுப்போனவரை நடைப்பிணம் என்று சொல்வது தமிழ் வழக்கு. இத்திரைப்படங்களில் அச்சொல் நேர்ப்பொருளிலேயே எழுந்து நடக்கிறது. 1932 முதல் 1985 வரையான அரை நூற்றாண்டில் இவ்வகை உருப்பெற்றது. இக்காலத்தின் முதன்மையான படங்களில் எதுவும் வெறுமையிலிருந்து பிறக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நூலோ நாடகமோ முந்தைய படமோ நிற்கிறது. சில படங்கள் வாங்கியதை வேறொன்றாக மாற்றின. சில, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றித் திரும்ப விற்றன. ஒரே படத்துக்குள் இரண்டும் நடந்ததும் உண்டு. அதனால்தான் யார் படைத்தவர், யார் நகலெடுத்தவர் என்ற வாதம் இவ்வகையின் வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வந்திருக்கிறது. சிலமுறை நீதிமன்றம் வரையும் சென்றிருக்கிறது.

ஹெய்ட்டியின் சோன்பி

ஜாம்பி கரிபியக் கடலிலுள்ள ஹெய்ட்டியின் நாட்டார் நம்பிக்கையிலிருந்து வந்தது. அம்மக்களின் கிரியோல் மொழியில் அதன் பெயர் சோன்பி. பிரெஞ்சு ஆட்சியில் சான் டொமிங் எனப்பட்ட அந்நாட்டின் கரும்புத் தோட்டங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் வேலை வாங்கப்பட்டனர். 1791இல் அவர்கள் தொடங்கிய கிளர்ச்சி 1804இல் நாட்டு விடுதலையில் முடிந்தது. அவர்களின் நம்பிக்கையின்படி, பொக்கோர் எனப்படும் மந்திரவாதி இறந்தவரின் உடலை எழுப்பித் தன் வயலில் வேலை வாங்குவான். சோன்பி யாரையும் கடிப்பதில்லை, தின்பதில்லை. அதற்குப் பேச்சில்லை, சொந்த விருப்பமில்லை, ஓய்வில்லை. சாவாவது தங்களை விடுவிக்கும் என்று எண்ணியிருந்த அடிமைகளுக்கு, செத்த பின்னும் இன்னொருவனின் வயலில் கரும்பு வெட்ட வேண்டியிருக்கும் என்பதைவிடக் கொடியது வேறில்லை. ஆகவே சோன்பியைக் கண்டு அஞ்சியதைவிட, தாமே சோன்பியாகிவிடுவோமோ என்றுதான் அவர்கள் அதிகம் அஞ்சினர்.

1915 முதல் 1934 வரை ஹெய்ட்டி அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. அக்காலத்தில் அங்கு சென்ற வில்லியம் சீப்ரூக் என்ற அமெரிக்க எழுத்தாளர், 1929இல் 'தி மேஜிக் ஐலண்ட்' என்ற பயண நூலை வெளியிட்டார். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்யும் செத்த மனிதர்களைப் பற்றி அதில் ஓர் அத்தியாயம் உண்டு. ஜாம்பி என்ற சொல் அமெரிக்க வாசகரிடையே பரவியதில் அந்நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. கென்னத் வெப் என்பவர் 'ஜாம்பி' என்ற பெயரில் ஒரு நாடகத்தை 1932இல் நியூயார்க்கில் மேடையேற்றினார். அதே ஆண்டில் விக்டர் ஹால்பெரின் இயக்க, அவருடைய சகோதரர் எட்வர்ட் தயாரித்த 'ஒயிட் ஜாம்பி' வெளிவந்தது. முதல் முழுநீள ஜாம்பித் திரைப்படம் என்று பொதுவாக இதையே குறிப்பிடுவர்.

'ஒயிட் ஜாம்பி' குறைந்த செலவில், பெரும்பாலும் யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய படங்களுக்குப் போட்ட அரங்குகளில் எடுக்கப்பட்டது. டிராகுலாவாக நடித்துப் புகழ்பெற்ற பேலா லுகோசி இதில் மந்திரவாதி லெஜாண்டராக வருகிறார். படத்தில் மறக்கமுடியாத இடம் அவருடைய கரும்பாலை. ஜாம்பிகள் ஆலைச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே சுற்றுகின்றன. அவற்றில் ஒன்று தவறி அரவைக்குள் விழுகிறது. மற்றவை திரும்பிப் பார்ப்பதில்லை, சக்கரமும் நிற்பதில்லை. ஹெய்ட்டி மக்களின் அச்சத்தை இந்த ஒரு காட்சி அப்படியே பிடித்திருக்கிறது. ஆனால் கதை அங்கே தங்காமல், மந்திரத்தில் சிக்கிய வெள்ளையினப் பெண் ஒருத்தியை மீட்பதற்கு நகர்ந்துவிடுகிறது. தலைப்பிலுள்ள 'ஒயிட்' அவளையே குறிக்கிறது. ஆலையில் சுற்றும் கறுப்பினத்தவரை மீட்க அந்தப் படத்தில் யாரும் வரவில்லை.

வெப் தம் நாடகத்தைத் திருடிவிட்டதாக ஹால்பெரின் சகோதரர்கள்மீது வழக்குத் தொடுத்துத் தோற்றார். நான்கு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1936இல் ஹால்பெரின் சகோதரர்கள் 'ரிவோல்ட் ஆஃப் தி ஜாம்பீஸ்' என்ற படத்தை எடுத்தபோது, முந்தைய படத்துக்குப் பணம் கொடுத்த நிறுவனம் 'ஜாம்பி' என்ற சொல்லைத் தலைப்பில் பயன்படுத்தும் உரிமை தனக்கே உரியது என்று நியூயார்க் நீதிமன்றத்தை அணுகியது. தீர்ப்பும் அதற்குச் சார்பாகவே வந்தது. ஹெய்ட்டியின் வயல்வெளிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய ஒரு சொல்லுக்கு நியூயார்க்கில் இரு தரப்பினர் உரிமை கோரினர். ஹெய்ட்டி அந்த வழக்கில் ஒரு தரப்பே அல்ல.

வேறு நூலிலிருந்து வந்த உயிர்

1943இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் தன் தயாரிப்பாளர் வால் லூட்டனிடம் 'ஐ வாக்டு வித் எ ஜாம்பி' என்ற தலைப்பை மட்டும் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னது. லூட்டனின் வழக்கமே அப்படித்தான்: மலிவான தலைப்பு நிறுவனத்துடையது, படம் அவருடையது. அவர் சார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐர்' நாவலின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டார். நோயுற்ற மனைவியுள்ள ஒரு தோட்ட முதலாளியின் வீட்டுக்கு இளம் செவிலி ஒருத்தி வருகிறாள். இயக்குநர் ழாக் தூர்னர் இக்கதையைக் கரிபியத் தீவொன்றில் வைத்தார். அங்கே வீட்டு முற்றத்தில் நிற்கும் செபஸ்தியார் சிலை, முன்னொரு காலத்தில் அடிமைக் கப்பலின் முகப்பை அணிசெய்தது. அத்தீவில் குழந்தை பிறந்தால் அழுவதும், ஒருவர் இறந்தால் மகிழ்வதும் அடிமைக் காலத்திலிருந்து வந்த பழக்கம் என்று படத்தில் விளக்கப்படுகிறது. ஜாம்பியை விட்டு வெகுதூரம் விலகிய ஓர் ஆங்கில நாவலைக் கடன் வாங்கிய இந்தப் படம், ஹெய்ட்டிக் கதையையே நேரடியாக எடுத்தாண்ட 'ஒயிட் ஜாம்பி'யைவிட அக்கதையின் வேருக்கு நெருக்கமாகப் போனது. எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை மட்டும் வைத்து ஒரு படத்தை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இவ்வகையில் குறைவு.

அடுத்த இருபது ஆண்டுகளில் ஜாம்பி பெரும்பாலும் இரண்டாந்தரப் படங்களில் உலவியது. 1959இல் வந்த 'இன்விசிபிள் இன்வேடர்ஸ்' படத்தில், வேற்றுக்கோளினர் பிணங்களுக்குள் புகுந்துகொள்ள, கோட்டு அணிந்த வெளிறிய பிணங்கள் கூட்டமாகத் தள்ளாடி நடந்தன. 1966இல் பிரித்தானியாவின் ஹாம்மர் நிறுவனம் வெளியிட்ட 'தி பிளேக் ஆஃப் தி ஜாம்பீஸ்' படத்தில், ஹெய்ட்டியில் இருந்துவிட்டு வந்த கார்ன்வால் பண்ணையார் ஒருவர் ஊர்க்காரர்களைக் கொன்று எழுப்பித் தம் வெள்ளீயச் சுரங்கத்தில் வேலை வாங்குகிறார். முதலாளியும் கூலியில்லா உழைப்பாளியும் அதில் இன்னும் பிரியவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பிரிந்தனர்.

மாதிசன் நாவலும் ரொமேரோவும்

ரிச்சர்ட் மாதிசனின் 'ஐ ஆம் லெஜண்ட்' நாவல் 1954இல் வெளிவந்தது. ஒரு நுண்ணுயிரால் உலகமே இரத்தக் காட்டேரிகளாகிவிட, ராபர்ட் நெவில் என்பவர் மட்டும் லாஸ் ஏஞ்சல்ஸில் மனிதராக எஞ்சுகிறார். பகலில் அவர் காட்டேரிகளை வேட்டையாடுகிறார். இரவில் அவை அவருடைய வீட்டைச் சூழ்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒருவர் அவருடைய பழைய அண்டை வீட்டுக்காரர். முடிவில், நோயோடு வாழப் பழகிவிட்ட புதிய சமூகத்தின் கண்ணுக்கு நெவில்தான் அரக்கன் என்று தெரியவருகிறது. 1964இல் வின்சென்ட் பிரைஸ் நடிப்பில் ரோம் நகரில் எடுக்கப்பட்ட 'தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்' இந்நாவலின் முதல் திரைவடிவம். அது மாதிசனுக்குப் பிடிக்கவில்லை. திரைக்கதையில் பங்கிருந்தும், தம் பெயரைப் போடவிடாமல் லோகன் ஸ்வான்சன் என்ற புனைபெயரைக் கொடுத்தார்.

பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஏ. ரொமேரோவும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து ஒரு திகில் படம் எடுக்க முனைந்தனர். பத்துப் பேர் தலைக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கிய நிறுவனத்துக்கு இமேஜ் டென் என்று பெயர். முடிவில் ஆன செலவு சுமார் 1,14,000 டாலர். கறுப்பு வெள்ளைப் படம். இரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. ரொமேரோவும் ஜான் ஏ. ரூசோவும் எழுதிய அந்தப் படம் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற பெயரில் 1968 அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்க்கில் முதலில் திரையிடப்பட்டது.

கதையின் கரு மாதிசன் நாவலிலிருந்து எடுத்ததே என்பதை ரொமேரோ ஒருபோதும் மறைத்ததில்லை. நேர்காணல்கள் பலவற்றில் தாமே அதை ஒப்புக்கொண்டார். பலகை அடித்த சன்னல்கள், வெளியே கூடிநிற்கும் இறந்தவர்கள், இறந்தவர்களுள் தெரிந்த முகம், தொற்று என எல்லாமே நாவலில் உண்டு. 1964ஆம் ஆண்டுப் படத்தில் பலகைகளைத் தட்டும் மெதுவான கூட்டத்தைப் பார்ப்பவருக்கு ரொமேரோவின் காட்சிகள் உடனே நினைவுக்கு வரும். இந்தப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் அது நகல் என்றே தோன்றும்.

ரொமேரோ செய்த மாற்றங்களைக் கவனித்தால்தான் மறுபக்கம் தெரிகிறது. நாவலில் எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. ரொமேரோ அது தொடங்கிய முதல் இரவை எடுத்துக்கொண்டார். நெவில் தனியாள், ரொமேரோவின் பண்ணை வீட்டில் ஏழு பேர். அவர்களுக்குள் ஒத்துவரவில்லை. மேல்தளத்தில் இருந்து தடுப்போம் என்கிறார் பென். நிலவறைக்குள் புகுந்து கதவைத் தாழிடுவோம் என்கிறார் ஹாரி கூப்பர். வெளியே இருப்பவற்றைவிட உள்ளே நடக்கும் சண்டைதான் அவர்களை அழிக்கிறது. இத்தனைக்கும், கடைசியில் பென் உயிர்தப்புவது ஹாரி சொன்ன அதே நிலவறையில். பொறுப்பான நாயகனின் திட்டம் தோற்று, வெறுக்கத்தக்கவனின் திட்டம் பலிக்கும் இந்தக் கசப்பு மாதிசனிடம் இல்லை.

இரண்டாவது மாற்றம் இன்னும் பெரியது. படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வருவதில்லை. இறந்தவர்கள் 'கூல்' என்று அழைக்கப்படுகிறார்கள்; பிணம் தின்னும் பேயைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. உடலும் தள்ளாட்டமும் ஜாம்பியுடையவை, பசி கூலுடையது, தொற்றும் முற்றுகையும் மாதிசனுடையவை. இவற்றை ஒன்றாகச் சேர்த்தபோது பொக்கோர் காணாமல்போனான். இறந்தவர்களை எழுப்பிய மந்திரவாதி இல்லை, அவர்களால் ஆதாயம் அடையும் முதலாளி இல்லை. வெள்ளிக் கோளிலிருந்து திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சு காரணமாக இருக்கலாம் என்று செய்தியில் சொல்கிறார்கள். உறுதியாக யாருக்கும் தெரியவில்லை. இன்று ஜாம்பி என்றதும் மனத்தில் எழும் உருவம் இதுதான். அதைப் படைத்தவரோ அப்போது தாம் ஜாம்பிப் படம் எடுப்பதாக நினைக்கவில்லை.

பென் வேடத்தில் நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். எழுதும்போது அப்பாத்திரத்துக்கு இனம் குறிக்கப்படவில்லை. தேர்வுக்கு வந்தவர்களில் அவரே சிறந்த நடிகர் என்பதால் எடுத்துக்கொண்டதாகப் படக்குழுவினர் கூறியுள்ளனர். இரவெல்லாம் போராடித் தப்பிய பென்னை, காலையில் துப்பாக்கிகளுடன் வரும் ஊர்க்காவலர்கள் இறந்தவர்களில் ஒருவர் என்று எண்ணிச் சுட்டுவிடுகிறார்கள். கொக்கிகளால் அவருடைய உடல் இழுத்துச் செல்லப்படுவது செய்தித்தாள் புகைப்படங்களைப் போன்ற அசையாப் படங்களாகக் காட்டப்படுகிறது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். அவ்வாண்டு அமெரிக்கப் பார்வையாளருக்கு அந்த முடிவு வெறும் கதையாக இருந்திருக்க முடியாது.

ஒரு வரி விடுபட்டதால்

படத்துக்கு முதலில் வைத்த தலைப்பு 'நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்'. ஏறத்தாழ அதே பெயரில் 1964இல் ஒரு படம் வந்திருந்ததால், விநியோகித்த வால்டர் ரீட் நிறுவனம் தலைப்பை மாற்றியது. பதிப்புரிமை அறிவிப்பு பழைய தலைப்புச் சட்டகத்திலேயே இருந்தது. புதிய தலைப்பைப் பொறித்தபோது அவ்வறிவிப்பு விடுபட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, அறிவிப்பு இல்லாமல் வெளியிடப்பட்ட படைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆகவே யார் வேண்டுமானாலும் அந்தப் படத்தைப் படியெடுக்கலாம், திரையிடலாம், விற்கலாம் என்றாயிற்று. திரையரங்குகளும் தொலைக்காட்சி நிலையங்களும், பின்னர் ஒளிநாடா நிறுவனங்களும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தின. எடுத்தவர்களுக்கு உரிய பங்கு வரவில்லை.

இந்தத் தவறால்தான் ஜாம்பி வகையே பிறந்தது என்று சிலர் எழுதுவர். அது சற்று மிகைதான். பதிப்புரிமை ஒரு படத்தின் காட்சிகளையும் வசனத்தையும் கதையமைப்பையும் காக்கும். 'இறந்தவர்கள் எழுந்து மனிதரைத் தின்கிறார்கள்' என்ற கருத்தைக் காக்காது. காத்திருந்தால் ரொமேரோவே மாதிசனுக்குப் பதில்சொல்ல வேண்டியிருந்திருக்கும். தவறினால் நேர்ந்தது வேறு: படம் தடையின்றி எங்கும் போனது, போன இடத்திலெல்லாம் பார்க்கப்பட்டது. அதன் விதிகள் (மெதுவான நடை, கடித்தால் தொற்று, மூளையை அழித்தால் மட்டுமே சாவு) சில ஆண்டுகளில் பொதுச் சொத்தாயின.

ஸ்பெயினில் எழுந்தவர்கள்

ரொமேரோவின் தாக்கத்தை ஐரோப்பாவில் முதலில் கூர்மையாகக் காட்டியவை ஸ்பானியப் படங்கள். அமாண்டோ தெ ஒசோரியோ 1970களின் தொடக்கத்தில் எடுத்த 'கண்ணற்ற பயங்கரத்தின் இரவு' என்ற பொருளுடைய படத்தில், இடைக்கால டெம்ப்ளர் வீரர்கள் கல்லறைகளிலிருந்து எழுகிறார்கள். தூக்கிலிடப்பட்டபோது காகங்கள் அவர்களின் கண்களைக் கொத்திவிட்டன. அதனால் அவர்கள் ஒலியைக் கேட்டே இரையைத் தேடுகிறார்கள். ஓடாமல், மூச்சுவிடாமல் நிற்பவர் தப்பலாம். உலர்ந்த எலும்புகள் குதிரைமீது மெதுநடைக் காட்சியாக வருவதைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. இந்த உருவத்துக்குப் பின்னால் அமெரிக்கப் படம் மட்டுமல்லாமல் ஸ்பானிய இலக்கியமும் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் குஸ்தாவோ அடோல்ஃபோ பெக்கெர் எழுதிய 'ஆன்மாக்களின் மலை' என்ற கதையில், டெம்ப்ளர்களின் எலும்புக்கூடுகள் இறந்தோர் நாளின் இரவில் எழுகின்றன. தம்முடைய வீரர்கள் ஜாம்பிகளே அல்லர், மம்மிகளுக்கு நெருக்கமானவர்கள் என்று ஒசோரியோ வாதிட்டார். ஒசோரியோ மொத்தம் நான்கு படங்கள் எடுத்தார்.

1974இல் ஹோர்ஹே கிராவ் எடுத்த ஸ்பானிய-இத்தாலியக் கூட்டுத் தயாரிப்பின் கதை வேறு. 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' போல ஒன்றை வண்ணத்தில் எடுத்துத் தரவேண்டும் என்பதே தயாரிப்பாளரின் கோரிக்கை. நகலெடுக்கச் சொல்லியே கொடுத்த வேலை. ஆங்கிலேய நாட்டில் 'தி லிவிங் டெட் அட் மான்செஸ்டர் மோர்க்' என்ற பெயராலும் அறியப்படும் இப்படத்தை கிராவ், புகையும் குப்பையும் நிறைந்த மான்செஸ்டர் தெருக்களில் தொடங்குகிறார். பசுமையான கிராமப்புறத்தில், பூச்சிகளை ஒன்றையொன்று கொல்லவைக்க ஒரு புதிய வேளாண் எந்திரத்தைச் சோதிக்கிறார்கள். அதன் கதிர்கள் புதிதாக இறந்தவர்களின் நரம்பு மண்டலத்தையும் தூண்டிவிடுகின்றன. மருத்துவமனையிலுள்ள பச்சிளங்குழந்தைகள்கூட மூர்க்கமாகின்றன. காவல் அதிகாரியோ நீள்முடி வைத்த இளைஞன்தான் கொலைகாரன் என்று முடிவுகட்டிவிட்டு அலைகிறார்.

முடிவில் அந்த அதிகாரி நாயகனைச் சுட்டுக் கொல்கிறார். பென்னின் சாவே இங்கு மீண்டும் நிகழ்கிறது. கிராவ் அதோடு நிறுத்தவில்லை. அன்றிரவு விடுதிக்குத் திரும்பும் அதிகாரியின் அறையில் அதே நாயகன் பிணமாக நின்று காத்திருக்கிறான். ரொமேரோ பதிலில்லாமல் விட்ட அநீதிக்கு கிராவ் ஒரு பதில் வைத்தார். கோரிக்கையைக் கொடுத்தவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, நகலாகத் தொடங்கிய படம் மூலத்தோடு வாதிடும் படமாக முடிந்தது.

இத்தாலியின் இரண்டாம் எண்

ரொமேரோவின் இரண்டாவது ஜாம்பிப் படமான 'டான் ஆஃப் தி டெட்' (1978) பெரும்பாலும் பிட்ஸ்பர்க்கை அடுத்த மன்ரோவில் பேரங்காடியில், கடைகள் அடைத்த பின் இரவுகளில் படமாக்கப்பட்டது. இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ பண உதவிக்கு வழிசெய்து, ரொமேரோவை ரோமுக்கு அழைத்துத் திரைக்கதை எழுதவைத்தார். பதிலுக்கு ஐரோப்பாவுக்கான படத்தொகுப்பு உரிமையைப் பெற்றுக்கொண்டார். அவர் தொகுத்து, கோப்ளின் இசைக்குழுவின் இசையை நிறைத்து வெளியிட்ட வடிவத்துக்கு இத்தாலியில் வைத்த பெயர் 'ஜாம்பி'. அது நன்றாக ஓடியது.

மறு ஆண்டே இத்தாலியத் திரையரங்குகளில் 'ஜாம்பி 2' வந்தது. இயக்கியவர் லூச்சோ ஃபுல்ச்சி. முதல் படத்துக்கும் இதற்கும் கதையிலோ பாத்திரங்களிலோ எந்தத் தொடர்பும் இல்லை. வெற்றிபெற்ற படத்தின் தலைப்பில் ஓர் எண்ணைச் சேர்த்துத் தொடர்ச்சி போலக் காட்டுவது அன்றைய இத்தாலிய வணிகப் படவுலகில் வழக்கமான தந்திரம். அர்ஜென்டோ சினங்கொண்டார். ஜாம்பிப் படங்கள் ரொமேரோவுக்கு முன்பே இருந்தன, அவை எவருடைய தனிச்சொத்தும் அல்ல என்பது ஃபுல்ச்சி தரப்பின் வாதமாக இருந்தது.

தலைப்பைப் பொறுத்தவரை அர்ஜென்டோவின் சினம் நியாயமானது. பார்வையாளரை ஏமாற்றவே அந்த எண் போடப்பட்டது. படத்தைப் பொறுத்தவரை ஃபுல்ச்சியின் பக்கமும் நியாயம் உண்டு. அவர் ஜாம்பியைப் பேரங்காடியிலிருந்து எடுத்துத் திரும்பவும் கரிபியத் தீவுக்குக் கொண்டுபோனார். மத்தூல் என்ற கற்பனைத் தீவில் முரசொலி கேட்கிறது. ஐரோப்பிய மருத்துவர் ஒருவர் அறிவியல் காரணம் தேடித் தோற்கிறார். நானூறு ஆண்டு மண்ணுக்கடியில் கிடந்த ஸ்பானியப் படையெடுப்பாளர்கள் எழுகிறார்கள். ஜான்னெத்தோ தெ ரோசியின் ஒப்பனையில் அவர்கள் ரொமேரோவின் நீலம் பாய்ந்த முகங்களைப் போன்றவர்கள் அல்லர். களிமண்ணும் புழுவும் சேர்ந்து நடக்கும் மண்மேடுகள். கடலுக்கடியில் ஒரு ஜாம்பி உண்மையான சுறாவோடு மோதும் காட்சி வேறெந்தப் படத்திலிருந்தும் எடுத்ததல்ல. அப்படியொன்றை எடுக்கலாம் என்று வேறு எவருக்கும் தோன்றியதும் இல்லை. கண்ணில் மரச்சிராய் ஏறும் காட்சியால் பிரித்தானியாவில் படம் தடைப்பட்டியலுக்குப் போனது. இறுதியில் புரூக்ளின் பாலத்தின்மீது ஜாம்பிகள் நியூயார்க்கை நோக்கி நடக்க, கீழே மகிழுந்துகள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கின்றன. போக்குவரத்தை நிறுத்த அவர்களிடம் பணம் இல்லை.

நகலாக்கத்தின் கடைசி எல்லையைப் பார்க்க 1980க்கு வரவேண்டும். ஃபுல்ச்சி படத்தின் அதே தயாரிப்பாளர், அதே நடிகர் இயன் மெக்கல்லக்கை வைத்து, தீவையும் ஜாம்பிகளையும் மனித இறைச்சி தின்போரையும் கலந்து 'ஜாம்பி ஹோலோகாஸ்ட்' படத்தை வெளியிட்டார். புரூனோ மத்தேயின் 'ஹெல் ஆஃப் தி லிவிங் டெட்' இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் 'டான் ஆஃப் தி டெட்' படத்தின் சிறப்புக் காவற்படை போலவே உடையணிந்த வீரர்கள் வருகிறார்கள். கோப்ளின் குழு அந்தப் படத்துக்கு அமைத்த இசையே திரும்ப ஒலிக்கிறது. கதை நியூ கினியில் நடக்க வேண்டும் என்பதால், பார்பே ஷ்ரோடர் 1972இல் எடுத்த ஒரு பிரெஞ்சுப் படத்தின் காட்சித் துண்டுகள் இடையிடையே ஒட்டப்பட்டுள்ளன. இயக்குநர் தமக்கு வைத்துக்கொண்ட ஆங்கிலப் புனைபெயர் வின்சென்ட் டான், அதிலும் 'டான்'. இத்தனைக்கும் நடுவில் ஒரு நல்ல கரு புதைந்திருக்கிறது. ஏழை நாடுகளின் மக்கள்தொகையைக் குறைக்க, அம்மக்கள் ஒருவரையொருவர் தின்னும்படி செய்வதே ஆய்வுக்கூடத்தின் மறைமுகத் திட்டம். மத்தேயின் படம் அந்தக் கருவைச் சில வசனங்களில் சொல்லிவிட்டு, திரும்பவும் ரொமேரோவின் காட்சிகளை நடித்துக்காட்டப் போய்விடுகிறது.

பெயரைப் பங்கிட்டவர்கள்

ரொமேரோவும் ரூசோவும் பிரிந்தபோது, தலைப்பில் 'லிவிங் டெட்' என்ற சொற்களைப் பயன்படுத்தும் உரிமை ரூசோவிடம் சென்றது. ரொமேரோவின் பிந்தைய படங்கள் எல்லாம் 'ஆஃப் தி டெட்' என்று மட்டும் முடிவதற்குக் காரணம் இதுதான். ரூசோ எழுதிய தொடர்ச்சிக் கதையைப் படமாக்கும் பொறுப்பு, 'ஏலியன்' படத்தின் எழுத்தாளர் டான் ஓபானனிடம் வந்தது. ரொமேரோவின் நிலத்தில் கால்வைக்க அவருக்கு மனமில்லை. கதையைக் கிட்டத்தட்ட முழுவதுமாக மாற்றி, 1985இல் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற கறுப்பு நகைச்சுவைப் படமாக எடுத்தார்.

படத்தின் தொடக்கத்தில் மருத்துவக் கிடங்கு ஊழியர் ஒருவர், 1968ஆம் ஆண்டுப் படம் உண்மையில் நடந்த ஒரு சம்பவம் என்று இளைஞனிடம் சொல்கிறார். பிறகு அந்தப் படத்தில் கற்ற விதிகளை நம்பி மூளையைத் தாக்குகிறார்கள். பிணம் சாகவில்லை. படம் பொய் சொல்லிவிட்டதா என்று அவர்கள் திகைக்கும் இடம் நகைச்சுவையாகவும் இருக்கிறது, முன்னோடிக்குச் செய்த மரியாதையாகவும் இருக்கிறது. ஓபானனின் ஜாம்பிகள் ஓடுகின்றன, பேசுகின்றன, மூளையைக் கேட்டு அலறுகின்றன. இறந்திருப்பது வலிக்கிறது, மூளை தின்றால் வலி குறைகிறது என்று மேசையில் கட்டிவைக்கப்பட்ட பாதி உடல் ஒன்று விளக்குகிறது. மூளை தின்பது ஜாம்பியின் பழைய வழக்கம் என்று இன்று பலர் நினைக்கிறார்கள். அது இந்தப் படத்தில் வந்தது.

அதே ஆண்டு, சில வாரங்கள் முன்னதாக, ரொமேரோவின் 'டே ஆஃப் தி டெட்' வெளியாகியிருந்தது. அமெரிக்க வசூலில் ஓபானனின் படம் அதை முந்தியது. ரொமேரோவின் படத்தில் நிலத்தடி முகாமொன்றில் மருத்துவர் லோகன், பப் என்ற ஜாம்பிக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொடுக்கிறார். நல்ல நடத்தைக்கு இறைச்சித் துண்டு பரிசு. தாம் 1968இல் நீக்கிய முதலாளியை ரொமேரோ வெள்ளை அங்கி அணிவித்துத் திரும்ப அழைத்துவந்திருந்தார். ஹெய்ட்டிக் கதையின் கேள்வி, சொல்லாமலே மீண்டது. அன்று அதைக் கவனித்தவர் குறைவு.

மூலத்தை மீண்டும் எடுத்தல்

1990இல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' வண்ணத்தில் மறுபடி எடுக்கப்பட்டது. ரொமேரோ திரைக்கதை எழுத, அவருடைய ஒப்பனைக் கலைஞர் டாம் சாவினி இயக்கினார். முதல் படத்தில் இழந்த வருவாயில் ஒரு பகுதியையாவது மீட்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. தம் படத்தைத் தாமே நகலெடுக்கும்போதும் ரொமேரோ இடத்துக்கு இடம் திருத்தினார். அதிர்ச்சியில் பேச்சிழந்து கிடந்த பார்பரா, இந்தப் படத்தில் துப்பாக்கி ஏந்தித் தப்பிக்கும் ஒரே ஆளாகிறாள். மூலப் படத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேடு 1999இல் ஏற்றுக்கொண்டது.

2004இல் பிரித்தானியரான எட்கர் ரைட் இயக்கி, சைமன் பெக் நடித்த 'ஷான் ஆஃப் தி டெட்' வெளிவந்தது. தலைப்பே 'டான் ஆஃப் தி டெட்' என்பதன் எதுகை. இருவரும் எழுதிய அந்த நகைச்சுவைப் படம் ரொமேரோவின் விதிகளில் எதையும் மாற்றாமல், மதுக்கடையும் அம்மாவும் பழைய காதலியும் உள்ள ஒரு சோம்பேறி இளைஞனின் வாழ்வுக்குள் அவற்றை இறக்கிவிட்டது. ரொமேரோ படத்தைப் பார்த்து மகிழ்ந்தார். மறு ஆண்டு வெளிவந்த தம் 'லேண்ட் ஆஃப் தி டெட்' படத்தில் இருவரையும் நடிக்க அழைத்தார். அதில் அவர்கள் சில நொடிகளே வருகிறார்கள்: கேளிக்கை விடுதியொன்றில், ஆட்கள் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வதற்காகச் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்ட இரண்டு ஜாம்பிகளாக.